டெப்ரிகேட்: ‘வழக்கொழிந்த’ என்பதற்கு மாற்றாக ‘தவிர்ப்புரை’

அன்புடையீர், வணக்கம்.

‘இப்போது இயங்கும், ஆனால் இனிப் பயன்படுத்த வேண்டாம்’ என்னும் பொருளில் மென்பொருள் ஆவணங்களில் வரும் டெப்ரிகேட் (deprecate) என்னும் ஆங்கில வினைக்கு ‘வழக்கொழிந்த’ என்று முன்மொழியப்பட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அச்சொல், பயன்பாட்டிலிருந்து முற்றிலும் போய்விட்டதைக் குறிக்கும் ஆப்சொலீட் (obsolete) என்பதற்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது. அதனாலேயே இங்கே பொருந்தாது. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.லின் 4ஆம் பதிப்புக்கு 1997 டிசம்பரில் வெளியான ஆவணம் இவ்விரண்டையும் தனித்தனி நிலைகளாக வரையறுத்தது. ஃபாண்ட், சென்டர் ஆகிய குறிகள் அதில் டெப்ரிகேட் செய்யப்பட்டவை. அவற்றை இனி எழுத வேண்டாம், ஆயினும் பழைய பக்கங்களின் பொருட்டு உலாவிகள் அவற்றைத் தொடர்ந்து ஏற்க வேண்டும். எக்ஸ்எம்பி, லிஸ்டிங் போன்றவை ஆப்சொலீட்; அவற்றை உலாவி ஏற்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லை இட்டால் அந்த ஆவணத்தின் வரையறைப் பகுதியையே தமிழில் எழுத முடியாமல் போகும்.

குமரி மாவட்டத்தாருக்கு இவ்வேறுபாடு பழகியதே. 1956 நவம்பர் 1 அன்று இம்மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைவதற்கு முன், மலையாளத்தில் எழுதிக் கொல்லம் ஆண்டில் தேதியிட்ட பத்திரங்கள் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் இன்றும் மூலப்பத்திரங்களாக வீடுகளில் இருக்கின்றன. நிலத்தின் உரிமையை அவற்றைக் கொண்டே காட்டுகிறோம், ஆனால் புதிய பத்திரத்தை எவரும் அவ்வாறு எழுதுவதில்லை. அதே காலத்துத் திருவிதாங்கூர் நாணயமான சக்கரத்தையோ எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள். பத்திரத்தின் நிலைக்குத்தான் நாம் சொல் தேடுகிறோம். ‘வழக்கொழிந்த’ என்பது சக்கரத்தின் நிலையைச் சொல்கிறது.

வேர்ப்பொருளையும் பார்த்துவிடுவது நல்லது. இலத்தீனில் இவ்வினைக்கு, ஒரு தீங்கு வராதிருக்க வேண்டிக்கொள்ளுதல் என்பது பொருள். ஆங்கிலத்தில் அது மெல்லத் திரிந்து, ஒன்றைத் தகாதது என்று எடுத்துரைத்தல் ஆயிற்று; பழைய நடையில் எழுதுவோர் இன்றும் அப்பொருளில் ஆள்கின்றனர். கண்டித்தலைச் சொல்லும் கண்டெம் (condemn) என்பதன் கடுமை இதில் இல்லை. ஏற்காமையைச் சொல்லும் டிஸப்ரூவ் (disapprove) என்பதைப் போல மனத்துக்குள் நின்றுவிடுவதும் இல்லை, வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். மதிப்புக் குறைதலைச் சொல்லும் டிப்ரிஷியேட் (depreciate) வேறு சொல். ஆங்கிலேயரே இரண்டையும் குழப்பி, தன்னைத் தாழ்த்திப் பேசுவதற்கு டெப்ரிகேட் என்பதை ஆளத் தொடங்கிவிட்டனர். நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதியாகிய செயற்கூற்றை ‘மதிப்பிழந்த செயற்கூறு’ என்று சிலர் தமிழில் எழுதுவதும் இக்குழப்பத்தின் விளைவே என்பது என் கருத்து. கணக்குப் பதிவியலின் தேய்மானத்துக்கும் மென்பொருளின் இந்நிலைக்கும் தொடர்பு இல்லை.

நேரடியான தமிழ் வினைகள் பல உள்ளன. ஆனால் கணினித் துறையில் பெரும்பாலானவற்றுக்கு ஏற்கெனவே வேலை கொடுத்துவிட்டோம். கண்ணேறு கழித்தலில் உள்ள ‘கழி’ பழைய இலத்தீன் பொருளுக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி வருகிறது, ஆயினும் நிரலில் கழித்தல் என்றால் எண்ணைத்தான் கழிப்பர். ‘ஒதுக்கு’ நினைவக ஒதுக்கீட்டுக்குப் போயிற்று. ‘விலக்கு’ விதிவிலக்கை நினைவூட்டுவதோடு தடை என்றும் பொருள்படும். ‘நீக்கு’ அடுத்த கட்டத்துக்கு உரியது. ‘கைவிடப்பட்ட’ என்பது பராமரிப்பார் இல்லாத திட்டங்களுக்கே தகும்.

‘கடிதல்’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்னும் தொல்காப்பிய நூற்பாவில் அது விலக்குதல் என்னும் பொருளில் வருகிறது; அந்நூலைக் கேட்டு ஆராய்ந்த அதங்கோட்டாசானை எங்கள் மாவட்டத்து அதங்கோட்டுக்காரராகவே இங்குள்ளோர் போற்றுவதால், அச்சொல்லின்மேல் எனக்குத் தனிப் பற்றும் உண்டு. ‘கடிந்துரை’ என்று ஆக்கினால் ‘பரிந்துரை’ என்பதற்கு ஓசையிலும் அமைப்பிலும் நேர் எதிராகவும் நிற்கும். ஆனால் கடிந்துரைத்தல் ஆளை நோக்கியது. செயற்கூறு பிழை ஏதும் செய்யவில்லை, அதைவிட நல்லதொன்று வந்திருக்கிறது, அவ்வளவே. ஆதலால் ‘கடிந்துரை’யைப் பொது எழுத்தில் வரும் பழைய ஆங்கில வினைக்கு வைத்துக்கொண்டு, மென்பொருளுக்குத் ‘தவிர்ப்புரை’ என்று கொள்ளலாம் என முன்மொழிகிறேன்.

இதில் ‘உரை’ என்னும் பகுதியே எனக்கு முதன்மையானது. டெப்ரிகேட் செய்வதால் மென்பொருளின் இயக்கத்தில் எதுவும் மாறுவதில்லை. ஆக்கியவர் பயன்படுத்துவோருக்கு ஒரு செய்தி சொல்கிறார். ஜாவா என்னும் நிரல்மொழியில், ஒரு நிரலுக்குள் தனியே ஓடும் பணித்தொடராகிய இழையை வலிந்து நிறுத்தும் ஸ்டாப் செயற்கூறு 1998இல் வந்த 1.2 பதிப்பில் இவ்வாறு குறிக்கப்பட்டது. அந்த இழை பூட்டியிருந்த தரவுகள் அரைகுறையாக வெளிப்பட்டுவிடும் என்பது காரணம். அதன் பின்னும் நெடுங்காலம் அது இயங்கிக்கொண்டுதான் இருந்தது. 2023இல் வந்த 20ஆம் பதிப்பில்தான், அழைத்தால் பிழையை எறியும்படி மாற்றினர். இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளும் அதனை ‘வழக்கொழிந்த’ என்று எழுதியிருந்தால், ஓடிக்கொண்டிருந்த நிரல்களை வைத்திருந்தோர் அதை எவ்வாறு புரிந்துகொண்டிருப்பர்?

இன்னொரு காரணமும் உண்டு. இயங்குதளம் நிரலுக்குத் தரும் அமைப்புகளுள் ஒன்றான சூழல் மாறியின் மதிப்பைத் தரும் கெட்என்வ் செயற்கூற்றை ஜாவாவில் முதலில் டெப்ரிகேட் செய்து, பின்னர் 5ஆம் பதிப்பில் அக்குறியை எடுத்துவிட்டனர். ‘தவிர்ப்புரை திரும்பப் பெறப்பட்டது’ என்று இதனை இயல்பாக எழுதலாம். ஒழிந்தது மீண்டது என்று எழுதுவது இடறும். 9ஆம் பதிப்பில் சேர்ந்த, நீக்கப்படவிருப்பதைத் தனியே தெரிவிக்கும் குறிப்பையும் ‘நீக்க முன்னறிவிப்புடன் கூடிய தவிர்ப்புரை’ எனலாம்.

வினைவடிவத்தில் மட்டும் சிக்கல் இருக்கிறது. ‘தவிர்ப்புரைக்கப்பட்ட’ என்பது நீளமானது, நாவிலும் புரளாது. ‘தவிர்ப்புரை பெற்ற’ என்னும் பெயரெச்சத் தொடரையும், ‘தவிர்ப்புரை இடு’ என்னும் வினையையும் பரிந்துரைக்கிறேன். நிரல் திருத்தியின் குறுகிய இடத்தில் ‘தவிர்க்க’ என்ற வியங்கோளே போதும். முழுச் செய்தி இவ்வாறு அமையும்: ‘இச்செயற்கூறு தவிர்ப்புரை பெற்றது, இப்போது இயங்கும், புதிய நிரலில் மாற்றுச் செயற்கூற்றை ஆள்க.’ இடைமுக மொழிபெயர்ப்பில் உள்ளோர் இதனைத் தாங்கள் மொழிபெயர்க்கும் சரங்களில் (திரையில் தோன்றும் உரைத்துண்டுகளில்) இட்டுப் பார்த்து, எங்கே முட்டுகிறது என்று எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து