நம்ம வீடு (ரங்கூன் – மோல்மீன்)

சரவணன்: எல்லாருக்கும் வணக்கம். கூடத்தில் ஆறு மீன் தொட்டி வைக்கப் போகிறேன். இரும்பு ஸ்டாண்டில் மேலே மூன்று, கீழே மூன்று, ஒவ்வொன்றும் 60 லிட்டர். அடியில் ஆறின் தண்ணீரும் வந்து சேர்ந்து வடிகட்டப்படும் ஒரே சம்ப் தொட்டி, அதை மேலே ஏற்ற ஒரே பம்ப். மணிக்கு 2000 லிட்டர் பம்ப் போதும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா கணேசன் மாமா?

செல்வி அக்கா: கூடத்திலா? அம்மாவுக்குத் தெரியுமா?

சரவணன்: நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும் அக்கா.

கணேசன் மாமா: மாப்பிள்ளை, அந்த 2000 தண்ணீரை மேலே ஏற்றாமல் விட்டால் வருவது. உயரம் ஏற ஏறக் குறையும். பெட்டியில் எச் மேக்ஸ் என்று ஒரு எண் இருக்கும், பம்ப் ஏற்றக்கூடிய அதிகபட்ச உயரம், எவ்வளவு?

சரவணன்: 2 மீட்டர்.

கணேசன் மாமா: சம்ப்பின் தண்ணீர் மட்டத்திலிருந்து மேல் தொட்டிக் குழாய் வரை டேப் பிடித்துப் பார்.

சரவணன்: 1.6 மீட்டர் வருகிறது மாமா.

கணேசன் மாமா: 2 மீட்டரில் ஒரு சொட்டும் ஏறாது. 1.6-இல் 400, 500 வந்தால் பெரிது. எல்போ என்கிற வளைவு மூட்டும் குழாயும் தின்பது தனிக் கணக்கு. உன் 360 லிட்டர் மணிக்கு நான்கு தடவை சுற்ற 1440 வேண்டும். 3.5 மீட்டர், 3500 லிட்டர் என்று போட்டதைப் பார். தொட்டிக்கு ஒரு வால்வு வை, இல்லாவிட்டால் கீழ் வரிசையே தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஆனால் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் வால்வு வைத்து நெரிக்காதே.

மீனா சித்தி: கரண்ட் போனால்? ரங்கூன் தாம்வேயில் அது இருக்கிற நேரத்தைத்தானே எண்ண வேண்டியிருக்கிறது!

கணேசன் மாமா: மீனா கேட்டதுதான் கேள்வி. பம்ப் நின்றால் தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பி இறங்கும். குழாய் வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால், 60க்கு 30 தொட்டியில் 18 லிட்டர். ஆறுக்கும் 108 லிட்டர். சம்ப் தாங்குமா?

சரவணன்: தாங்காது. கூடம் குளமாகிவிடும்.

செல்வி அக்கா: இதை அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

கணேசன் மாமா: குழாய் வாயைத் தண்ணீர் மட்டத்தை ஒட்டி வை. மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சின்னத் துளை போடு, காற்று புகுந்து இழுப்பு அறுந்துவிடும். அப்போது 2 செ.மீ.தான் இறங்கும், மொத்தம் சுமார் 22 லிட்டர். அந்த அளவு இடம் சம்ப்பில் எப்போதும் காலியாக இருக்கட்டும். தண்ணீரைத் திரும்ப விடாத செக் வால்வை நம்பாதே, பாசி சிக்கினால் மூடாது.

சரவணன்: பம்ப் சம்ப்பில் எந்த இடத்தில்?

கணேசன் மாமா: வடிகட்டிக்கு அப்புறம் வரும் கடைசி அறையில், ரப்பர் துண்டின் மேல். தண்ணீர் ஆவியாகி முதலில் குறைவது அங்கேதான், அதனால் ஒரு கோடு போட்டுத் தினமும் பார். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி ஏறட்டும், வழியும் தண்ணீர் பிளக்கைத் தொடாது.

மீனா சித்தி: கரண்ட் இல்லாத நேரத்தில் மீன் மூச்சுக்கு?

கணேசன் மாமா: பேட்டரி காற்றுப் பம்ப் போதும். புது மீனை மட்டும் தனித் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் வை மாப்பிள்ளை. ஒரே தண்ணீர் என்றால் ஒன்றின் நோய் ஆறுக்கும் போகும்.

செல்வி அக்கா: அம்மா சரி என்றுவிட்டார்கள். ஆனால் கூடத்தில் இல்லை, பின் வராந்தாவில்.

கணேசன் மாமா: அங்கே மாலை வெயில் அடிக்குமே, பாசி பிடிக்கும். படுதா கட்டிவிட்டு வை.

சரவணன்: சரி மாமா. 3500 பம்ப்பும் ஆறு வால்வும் நாளை பார்க்கிறேன். பெட்டியைப் படம் எடுத்துப் போடுகிறேன், நீங்கள் சொன்ன பிறகுதான் காசு.