மாலை வகுப்புக்கு வரும் தன்னார்வலர்கள் நிலைப்பதில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரை செல்லூரில் தறி வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நண்பர்கள் சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறோம். 3 முதல் 8ஆம் வகுப்பு வரை 42 பிள்ளைகள், திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6 முதல் 8 மணி.

ஜூனில் சொல்லித்தர 14 பேர் வந்தார்கள். இப்போது 4 பேர். எல்லாரும் ஒரே மாதிரிதான் நின்றுவிடுகிறார்கள். இரண்டு வாரம் ஆர்வமாக வருவார்கள், மூன்றாவது வாரம் "ஆபீஸில் லேட்டாகிவிட்டது" என்பார்கள், அப்புறம் போனை எடுப்பதில்லை. "அந்த அக்கா ஏன் வரல?" என்று பிள்ளைகள் கேட்கும்போதுதான் தாங்க முடியவில்லை.

வாட்ஸ்அப்பில் படங்களோடு பலமுறை கேட்டுப் பார்த்தோம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை உண்டு என்பதால் பக்கத்துக் கல்லூரியிலும் கேட்டோம். வந்தார்கள், மணிக்கணக்கு முடிந்ததும் நின்றார்கள். வாரம் ஒரு நாள் போதும் என்று மாற்றியதில் கொஞ்சம் பலன் இருந்தது, ஆனால் நேற்று பாடத்தை எங்கே விட்டார்கள் என்பது இன்று வருபவருக்குத் தெரியாது.

பணமும் இழுபறிதான். பிறந்தநாளுக்குப் பிரியாணி தர ஆள் இருக்கிறது, மாத வாடகை 6,500 ரூபாய்க்கு இல்லை. நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை பெற உதவும் 80ஜி ரசீது தருகிறோம், புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அதனால் பயனில்லை. சரி, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படி வகுப்பு நடத்துபவர்கள் சொல்லுங்கள்: முதல் மாதத்தைத் தாண்டியும் தன்னார்வலர்கள் தொடர்ந்து வர நீங்கள் என்ன செய்தீர்கள்?