ஏரியில் பருந்துப் படம்: எல்லாம் கரிக்கட்டையாக வருகிறது, என்ன தப்பு?

கே.ஆர்.புரத்தான்:
ஆறு வாரமா ஞாயிறுதோறும் பெங்களூர் பக்கத்துல ஹொஸ்கோட்டை ஏரிக்குப் போறேன். செகண்ட்ஹேண்ட்ல வாங்கின 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ். (வீட்ல அதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை.) 400 படம் எடுத்தா நாலு தேறுது. கரும்பருந்தோ செம்பருந்தோ, எது வந்தாலும் வயிறு கருப்பு, பின்னால வெள்ளை வானம். போன வாரம் விரால் அடிப்பான் (தண்ணியில பாய்ஞ்சு மீன் பிடிக்கிற பருந்து மாதிரிப் பறவை) ஒண்ணு மீனோட எழுந்துச்சு. ஃபோகஸ் பின்னால இருந்த கரண்ட் கம்பியில போய் உக்காந்துருச்சு. கம்பி மட்டும் பளிச்னு இருக்கு. ஷட்டர் வேகம் 1/800 செகண்ட். எட்டரைக்குப் போய்ச் சேர்றேன்.

ஏரிக்கரை மாமா:
தம்பி, அந்தக் கம்பியை ஃப்ரேம் போட்டு மாட்டு. என்கிட்ட அதே மாதிரி ஒரு தென்னமட்டை இருக்கு.

லென்ஸ் மேல தப்பில்ல, நிக்கிற இடம்தான் தப்பு. பறவை காத்தை எதிர்த்துத்தான் எழும்பும், எதிர்த்துத்தான் இறங்கும். பெங்களூர்ல நவம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் பெரும்பாலும் கீழக்காத்து. காலை வெயிலும் கிழக்கேருந்து. ஏரிக்குக் கிழக்குப் பக்கமா போய், ரெண்டையும் முதுகுல வாங்கிட்டு நில்லு. எதிர்காத்துல மெதுவா உன்னைப் பார்த்து வரும். மூஞ்சியில வெயில் இருக்கும், கண்ணுல ஒரு புள்ளி மின்னும். ஆடி மாசம் அதே இடத்துல நின்னா முதுகைத்தான் காட்டும், அப்ப மேக்காத்து. அந்த மாசங்கள்ல சாயங்காலம், மேற்குக் கரை.

எட்டரை ரொம்ப லேட். ஏழுக்குள்ள போ. வெயில் ஏறினா தண்ணிக்கு மேல கானல் ஆடும், எந்த லென்ஸும் கூழாத்தான் தரும்.

பின்னால வானம்னா எக்ஸ்போஷரை (படத்தோட வெளிச்ச அளவை) +1 ஏத்து. பறவை கோரைக்கு முன்னால இறங்கிட்டா உடனே இறக்கிடு. மறந்தா செம்பருந்தோட வெள்ளைத் தலை சுண்ணாம்பாயிரும். ஷட்டர் 1/2000, ஐஎஸ்ஓ (கேமராவோட ஒளி உணர்திறன்) ஆட்டோ.

நாமக்கோழி ரசிகை:
வானத்தையே பார்த்துட்டு நிக்காதீங்க, நாமக்கோழியைப் (நெத்தியில வெள்ளை நாமம் போட்ட கறுப்பு நீர்ப்பறவை) பாருங்க. கரும்பருந்து தலைக்கு மேல சுத்தினா அதுங்க அவ்வளவா கண்டுக்காது. நீர்ப்பறவையை வேட்டையாடுற சேற்றுப் பூனைப்பருந்து ரெக்கையை லேசா மேல தூக்கி வெச்சுக்கிட்டு கோரையைத் தடவற மாதிரி வந்தா, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நடு ஏரிக்கு ஓடும். கேமராவைத் தூக்க அந்த நேரம் போதும்.

விரால் அடிப்பான் மீனோட எழுந்ததும் அவசரப்படாதீங்க. கொஞ்சம் மேல போய் நனைஞ்ச நாய் மாதிரி உடம்பைச் சிலுப்பும், மீனோட தலை முன்னால வர்ற மாதிரி திருப்பிக்கும். அதுதான் படம்.

கே.ஆர்.புரத்தான்:
நன்றிங்க. கோழிக்குடல் வீசினா பக்கத்துல வரும்னு அங்க ஒருத்தர் சொன்னாரே?

ஏரிக்கரை மாமா:
வேண்டவே வேண்டாம். கரும்பருந்துதான் கூட்டமா வரும், அதுங்க விரால் அடிப்பானை விரட்டி மீனைப் பிடுங்கும். ஆரம்பத்துல நானும் ஒரு தடவை வீசினேன். வந்தது பூரா தெருநாய். ட்ரைபாடைப் போட்டுட்டு ஓடினேன். கூட்டுப் பக்கமும் போகாதே. 1972 வனவிலங்குச் சட்டப்படி கூட்டைத் தொந்தரவு பண்றதும் வேட்டைக் கணக்குதான்.

கே.ஆர்.புரத்தான்:
இன்னிக்கு ஆறு அம்பதுக்கே போயிட்டேன். நாமக்கோழி ஓடுச்சு! பெண் பூனைப்பருந்து, தலை வெண்ணெய் நிறம், கண்ணுல புள்ளி இருக்கு. இடது ரெக்கை நுனி மட்டும் ஃப்ரேமுக்கு வெளிய போயிருச்சு. 600லேருந்து 400க்கு இறக்கியிருக்கணுமா மாமா?