கலைச்சொல்: செரிஃப், சான்ஸ் செரிஃப் – பலகை எழுத்துகளை வகைபிரிக்க

> செரிஃப் (எழுத்தின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கோடு) = முனைக்கொடுக்கு, சான்ஸ் செரிஃப் (அது இல்லாத எழுத்து) = கொடுக்கிலி. சரியா? கடைப்பலகை, ஊர்ப்பலகை, பத்திரிகை எழுத்துகளை அடையாளம் காண மாணவர்களுக்குப் பாடம் எழுதுகிறேன்.

வணக்கம் ஐயா.

கொடுக்கு என்றதும் தேள்தான் முன்னால் வருகிறது. 'முனைக்கீற்று', 'கீற்றிலி' என்று வைக்கலாமே. டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் ஆங்கில 'I' எழுத்தின் தலையிலும் காலிலும் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கோட்டைக் காட்டினால் மாணவர் பிடித்துக்கொள்வர். ரோம் நகரின் டிராஜன் தூண் கல்வெட்டு முனைக்கீற்று வகை. லண்டன் பாதாள ரயிலுக்கு எட்வர்ட் ஜான்ஸ்டன் 1916இல் வரைந்து கொடுத்தது கீற்றிலி. ரோமன் எழுத்துக்கு இவ்வளவு போதும்.

தமிழ்ப் பலகைக்கு முன்னால் நிறுத்தினால் இதே சொற்கள் கைவிட்டுவிடும். அலங்கார வால்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் நம் 'ப'வும் 'ட'வும் எங்கே கீற்றோடு நிற்கின்றன? எல்லாமே கீற்றிலி என்றால் அது வகைப்பாடே இல்லை. நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற இரண்டு கணினி எழுத்துருக்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: முதலில் கண்ணில் படும் வேறுபாடு கோட்டின் தடிப்பு. ஒன்றில் கோடு தடித்தும் சன்னமாகியும் ஓடுகிறது. மற்றதில் ஏறக்குறைய ஒரே சீராக.

காரணம் கருவியில் இருக்கிறது. எழுத்தாணி ஓலையில் கீறும் கோட்டில் தடிப்பு மாற அதிகம் இடமில்லை. பலகை எழுதுபவரின் தட்டை பிரஷோ திரும்பும் திசைக்கேற்பத் தடிப்பை மாற்றும். ஆகவே தமிழுக்கு 'சமகோட்டெழுத்து', 'மாறுகோட்டெழுத்து' என்று தனி இணை வேண்டும் என்பது என் கட்சி. ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் பெரும்பாலும் சமகோடு. கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயர் பெரும்பாலும் மாறுகோடு.

> சமதடிமன், மாறுதடிமன் என்றால் இன்னும் தெளிவு அல்லவா?

இதற்கு யாழ்ப்பாண நண்பர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

---

வணக்கம்.

தீர்ப்பு: தடிமன் வேண்டாம். எங்கட பக்கம் தடிமன் எண்டால் சளி பிடிக்கிறது. 'மாறுதடிமன்' எண்டால் பிள்ளைகள் மருந்து கேப்பினம்.

'சமகோடு' எனக்குச் சம்மதம். இஞ்ச பெயர்ப்பலகையில சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூண்டும் ஒண்டாய் நிக்கும். கீற்று இருக்கோ எண்டு கேட்டால் ஆங்கிலத்துக்கு மட்டும்தான் பதில் கிடைக்கும்; கோடு மாறுதோ எண்டு கேட்டால் மூண்டையும் ஒரே கேள்வியால அளக்கலாம். ஆனபடியால் பாடத்தில முதலில கோட்டைக் கேளுங்கோ, பிறகு கீற்றை.

ஒரு சந்தேகம். பஸ் நெற்றியில ஓடுற எல்இடி எழுத்தில கோடே இல்லை, புள்ளி வரிசைதான். அதைச் சமகோட்டில சேர்க்கிறதோ, 'புள்ளியெழுத்து' எண்டு பிரிக்கிறதோ? புள்ளியெழுத்து எண்டால் மெய்யெழுத்தோடு குழம்பும்.