விஞ்ஞானியின் வாழ்க்கைப் படத்தில் அவருடைய வேலை எங்கே?

கேள்வி:
விஞ்ஞானிகளின் வாழ்க்கைப் படம் எது வந்தாலும் விடாமல் பார்ப்பவன் நான். காதல் இருக்கும், நோய் இருக்கும், அவமானம் இருக்கும், கரும்பலகை நிறைய எழுத்து இருக்கும், ஆனால் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க எதோடு மல்லுக்கட்டினாரோ அது மட்டும் கடைசி வரை புரியாது. திடீரென்று கண் விரியும், பின்னணி இசை எழும், கண்டுபிடித்துவிட்டார் என்று நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். யோசிப்பதைத் திரையில் காட்டவே முடியாதா, இல்லை யாரும் மெனக்கெடுவதில்லையா?

பதில் 1:
முடியும். ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து அழித்து மேலே போய், கடைசியில் கிடைத்த முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவார். வந்த வழி சிலேட்டோடு போய்விட்டது. அந்த முடிவுகளுக்கு நிரூபணம் தேடிக் கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். கறுத்துப்போன அந்த முழங்கையைக் காட்டினாலே போதும், 1913இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் வெறும் முடிவுகளாக அடுக்கியிருந்தது ஏன் என்று வசனம் இல்லாமலே புரிய ஆரம்பிக்கும்.

பதில் 2:
எனக்கு அதைவிட உறுத்துவது, எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்ததாகக் காட்டுவது. 2014இல் வந்த 'தி இமிட்டேஷன் கேம்' பார்த்தவர்கள், ஜெர்மானியர்களின் ரகசியக் குறியீட்டுக் கருவியான எனிக்மாவை, பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஆலன் ட்யூரிங்தான் முதலில் உடைத்தார் என்று நினைப்பார்கள். போலந்துக் கணிதவியலாளர் மரியன் ரெயெவ்ஸ்கி 1932இலேயே அந்தக் கருவியின் உள் வயரிங்கைக் கணக்குப் போட்டே பிடித்துவிட்டார். போருக்குச் சில வாரங்கள் முன்பு, 1939 ஜூலையில், போலந்துக்காரர்கள் தங்களிடம் இருந்ததை பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கொடுத்தார்கள். அப்புறம் எனிக்மாவை உடைக்க ட்யூரிங் வடிவமைத்த இயந்திரத்தை, அவரோடு வேலை செய்த கார்டன் வெல்ச்மன் இன்னும் மேம்படுத்தினார். இதையெல்லாம் சொன்னால் ட்யூரிங் எந்த விதத்தில் குறைந்துவிடுவார்?

பதில் 3:
மாற்றுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். மனச்சிதைவு நோய் இருந்த அமெரிக்கக் கணிதவியலாளர் ஜான் நாஷுக்குக் கேட்டது குரல்கள்தான், அவரைப் பற்றி 2001இல் வந்த 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' படத்திலோ ஆட்களாகவே நடமாடினார்கள், அவரோடு சேர்ந்து நாமும் நம்பினோம். அது எனக்குச் சரியாகவே பட்டது. ஆனால் 1970க்கு அப்புறம் அவர் அந்த நோய்க்கான மருந்துகளை எடுத்துக்கொள்ளவில்லை, படத்தில் புது மருந்துகள் எடுப்பதாகப் பேசுகிறார். பார்க்கிற நோயாளிகள் மருந்தை நிறுத்திவிடக் கூடாதே என்று படம் எடுத்தவர்களுக்குக் கவலையாம். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார், அதனால் அந்தக் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது. இருந்தும் மனசு ஒப்பவில்லை.

கேள்வி கேட்டவர்:
சிலேட் விஷயம் இப்போதுதான் தெரியும், நன்றி. நாஷ் பற்றி எழுதியவருக்கு: உண்மையைக் கடைசியில் எழுத்தாகப் போட்டு, எல்லோருக்கும் இப்படி ஆகாது என்றும் சேர்த்திருந்தால் உங்களுக்குச் சம்மதமாக இருந்திருக்குமா?