படம் பாக்கும்போது "இது நம்ம வீடாச்சே"ன்னு தோணினது உண்டா? (அனுபவப் பகிர்வு)

கட்டஞ்சாயா:

ஏழைப் பிள்ளைங்களைப் பத்தின படம் பார்த்து அழுதவங்க நிறைய பேர் இருப்பீங்க. நான் கேக்குறது அது இல்ல. படம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே திடுக்குன்னு உங்க வீட்டைப் பார்த்த இடம் எது? அந்த இடத்தை மட்டும் எழுதுங்க, கதைச் சுருக்கம் வேணாம்.

நானே ஆரம்பிக்கிறேன். இடுக்கியில வண்டன்மேட்டுக்குப் பக்கத்துல ஒரு ஏலக்காத் தோட்டத்து லயம் எங்க வீடு, கூலியாளுங்களுக்குக் கட்டுன வரிசை வீடு. ஒரே ரூம், முன்னால திண்ணை, பின்னால அடுப்பு. அப்பாவுக்குக் கம்பம், அம்மாவுக்குக் கோம்பை. மலையேறி இருபது வருஷம் ஆகியும் ரெண்டு பேருக்கும் மலையாளம் வரல. எனக்கும் தங்கச்சிக்கும் வந்துருச்சு.

நான் ஆறாவது படிக்கிறப்போ ஒரு ஞாயித்துக்கிழமை வாயனசாலையில, அதான் ஊர் நூலகத்துல, படம் போட்டாங்க. முடிஞ்சதும் கட்டஞ்சாயாவும் (பால் இல்லாத டீ) பரிப்புவடையும் உண்டுன்னு சொன்னதால லயத்துப் பிள்ளைங்க பதினஞ்சு பேர் போயிட்டோம். ஈரான் படம். மஜீத் மஜீதி 1997-ல எடுத்த 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்'னு பின்னாலதான் தெரியும். அன்னைக்கு எங்களுக்கு அது ஷூ படம், அம்புட்டுதான். தங்கச்சியோட ஷூவைத் தொலைச்சுட்ட அண்ணன், அப்பாவுக்குத் தெரியாம ரெண்டு பேரும் ஒரே ஷூவை மாத்தி மாத்திப் போட்டு பள்ளிக்கூடம் போறாங்க. திரையில பாரசீகம், அடியில இங்கிலீஷ் எழுத்து. ஒரு சேட்டன் அதை மலையாளத்துல சத்தமாச் சொல்வார், நான் பின்னால திரும்பி எங்க பிள்ளைங்களுக்குத் தமிழ்ல சொல்வேன்.

அந்த அப்பா மசூதிக்காகக் குவியலா சர்க்கரைக் கட்டி உடைச்சுக்கிட்டு இருப்பார். மக டீ கொண்டாருவா. சர்க்கரை எங்கன்னு கேப்பார். இவ்வளவு கிடக்குதேன்னு அந்தப் புள்ள சொல்லும். அது மசூதியோடது, நம்மளது இல்லம்பார்.

அதைத் தமிழ்ல சொல்ல எனக்கு வாய் வரல. பின்னாலருந்து "என்னடா சொன்னாரு, என்னடா சொன்னாரு"ன்னு குத்துறாங்க.

சீசன்ல எங்கம்மாவுக்குத் தோட்டத்து ஸ்டோர்ல ஏலக்கா பொறுக்குற வேலை. சாயங்காலம் வாசல்ல நிறுத்தி பையைப் பாப்பாங்க, தூக்குவாளியைத் திறந்து பாப்பாங்க. அம்மா யாரும் சொல்றதுக்கு முன்னாடியே முந்தானையை உதறிக் காட்டிரும். எங்க துணிமணி, பாய், புஸ்தகம் எல்லாத்துலயும் ஏலக்கா வாசம். கிளாஸ்ல என் சட்டையை மோந்துட்டு "பாயசம் வந்நு"ம்பானுக. ஆனா வீட்டு டீயில ஒருநாளும் ஏலக்கா கிடையாது. தங்கச்சி ஒருதடவை கேட்டா, "அம்புட்டுக் காய் கிடக்கே, ரெண்டு எடுத்தா என்னம்மா?" அம்மா சொன்னது அப்படியே அந்தப் படத்துல வந்த வசனம். அம்மா ஈரான் படம் பார்த்ததில்ல.

2019-ல புத்தடியில ஏலம் விடுறப்போ ஏலக்கா கிலோ 7,000 ரூபா வரைக்கும் போச்சு. அந்த வருஷமும் எங்க வீட்டுல அதே டீதான்.

குமுளி ரோடு:

அதே படம், வேற இடம். அப்பாவும் மகனும் சைக்கிள்ல தெஹ்ரானோட வடக்குப் பக்கம் தோட்டவேலை தேடிப் போவாங்க. 1988-ல ஈராக்கோட சண்டை முடிஞ்சப்புறம் மேம்பாலமும் அடுக்குமாடியுமா மாறுன ஊர். தெற்கே இவங்க இருக்குற சந்து, வடக்கே மதில் வச்ச பங்களா. கேட்டுல இருக்குற டப்பாவுல குரல் கேக்கும். அப்பாவுக்குப் பேச நாக்கு எழும்பாது, கடைசியில அந்தப் பையன்தான் பேசி வேலை வாங்குவான்.

தேக்கடியில ரிசார்ட்டா முளைச்சுக்கிட்டு இருந்த நேரம், புல்லு வெட்ட, செடி வைக்க ஆள் எடுக்கிறாங்கன்னு எங்கப்பா என்னையக் கூட்டிட்டுப் போனார். எனக்குப் பத்து வயசு. எதுக்குக் கூட்டிட்டுப் போறார்னு கேட்டுக்கிட்டதில்ல, எல்லா இடத்துக்கும் அப்படித்தான் போவேன். கேட்டுல அதே மாதிரி டப்பா. "தம்பி நீ பேசு"ன்னார். உள்ளருந்து கூலி எத்தரன்னு கேட்டாங்க. அப்பா இருநூறு சொல்லச் சொன்னார். அந்த டப்பாவைப் பார்த்து இருநூறுன்னு சொல்ல எனக்குப் பயமா இருந்துச்சு. நூத்தம்பதுன்னுட்டேன். ரெண்டு வருஷம் அதே கூலிக்குப் போனார். முதலாளி குறைச்சுட்டார்னே கடைசி வரைக்கும் நினைச்சுக்கிட்டு இருந்தார். இதை இப்பத்தான் ஒரு இடத்துல எழுதுறேன்.

ஜீப் சின்னத்தாயி:

நான் மலைக்கு இந்தப் பக்கம், தேனி மாவட்டத்துக் கூடலூர். எங்கம்மா வெள்ளன அஞ்சு மணிக்கு ஜீப் ஏறி கம்பம்மெட்டு வழியாத் தோட்டத்துக்குப் போயிட்டு, பொழுது சாஞ்சு வரும். ஒரு ஜீப்புல பதினஞ்சு பேர், தொங்கிட்டு வர்றவங்களைச் சேர்க்காம.

என் படம் 'காக்கா முட்டை', பீட்சாவுக்கு ஏங்குற ரெண்டு குடிசைப் பசங்க கதை. 2015 ஜூன்ல, தம்பியும் நானும் போனோம். வீட்டுக்கு ரெண்டு இலவச டிவி வந்து இறங்கும் பாருங்க, அங்கயே எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, என்னவோ மாதிரியும் ஆயிருச்சு. 2006-க்கு அப்புறம் எங்க பக்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்தாங்கல்ல. எங்க அத்தை அணக்கரைப் பக்கம் லயத்துல இருக்கு, கேரளா ரேஷன் கார்டு, அதனால கிடையாது. பொங்கலுக்கு வந்தா அத்தை பிள்ளைங்க டிவியை விட்டு எந்திரிக்காதுங்க. "உங்க கவர்மெண்டுதான் கவர்மெண்டு"ம்பாங்க. டிவிக்குக் கீழயே பாய் விரிச்சுப் படுத்துக்கிட்டு ஒழுகுற ஓட்டைப் பாத்துக்கிட்டு இருப்போம்.

அப்புறம் அந்தப் பாட்டி நோட்டீஸைப் பாத்து தோசைக்கல்லுல பீட்சா சுடும். தியேட்டரே சிரிச்சுச்சு. நாங்க ரெண்டு பேரும் சிரிக்கல. எங்க அம்மாச்சி, விளம்பரத்துல பாத்த நூடுல்ஸ் வேணும்னு தம்பி அழுததுக்கு, சேமியாவை வேகவச்சு மிளகாப்பொடி போட்டுக் கொடுத்துச்சு. தம்பி "இது இல்ல"ன்னு தட்டைத் தள்ளிவிட்டான். படம் பாத்துட்டு வெளிய வந்ததும் முதல்ல அதைத்தான் சொன்னான்: "அம்மாச்சி தட்டைத் தள்ளிவிட்டேன்ல."

குறைசொல்லி:

எல்லாஞ்சரி. 'காக்கா முட்டை'க்குச் சிறந்த குழந்தைகள் படம்னு தேசிய விருது கொடுத்தாங்க, அந்த ரெண்டு பையன்களுக்கும் குழந்தை நட்சத்திர விருது. கம்பம்மெட்டுல ஜீப் கூட்டம் குறைஞ்சுச்சா? இதெல்லாம் டிக்கெட் வாங்க முடிஞ்சவன் உக்காந்து உருகுறதுக்கு எடுக்குறது.

ஜீப் சின்னத்தாயி:

அண்ணே, நாங்களும் டிக்கெட் வாங்கித்தான் பார்த்தோம். அம்மாவோட ஒருநாள் கூலியில.

ஒத்தக்குடை:

எங்க வீட்டுல ஷூ இல்ல, குடை. இடுக்கியில ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கும், மழையும் அன்னைக்குத்தான் திறக்கும். அண்ணன், நான், தங்கச்சி மூணு பேருக்கும் ஒரே குடை, மூணு பேருக்கும் வேற வேற பள்ளிக்கூடம். மிச்சத்தை நீங்களே போட்டுக்கங்க. எனக்கு இப்பவும் யாரோடயும் ஒரே குடையில நடக்கப் பிடிக்காது, வீட்டுக்காரரோட கூட.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:

பாலக்காட்டுப் பக்கம் தமிழ் மீடியத்துல பாடம் நடத்துறேன். போன வருஷம் ஏழாம் வகுப்புக்கு இதே ஷூ படத்தைப் போட்டேன். பிள்ளைங்க அழும், நாலு நல்ல வார்த்தை சொல்லலாம்னு தயாரா இருந்தேன். ஒருத்தரும் அழல. ஓட்டப்பந்தயத்துல மூணாவது வந்தாத்தான் ஷூ, அந்தப் பையன் தெரியாம முதலாவது வந்துட்டான், அதை வச்சு இருபது நிமிஷம் வாக்குவாதம். "முன்னால எத்தனை பேர் ஓடுறாங்கன்னு எண்ணிக்கிட்டே ஓடணும் சார், இவன் எண்ணல." "கீழ விழுந்து எந்திரிச்சவனுக்கு எப்படிடா எண்ண முடியும்?" ஒருத்தன் போர்டுல படமே போட்டுக் காட்டினான்.

கடைசியில அந்த அப்பா சைக்கிள்ல புது ஷூ வாங்கி வச்சுக்கிட்டு வர்றது ஒரு நொடிதான் வரும். பசங்க யாரும் கவனிக்கல. நானும் முதல்தடவை கவனிக்காதவன்தான். கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு, வருஷம் முழுக்க ரெண்டு வார்த்தை பேசாதவ, "சார், வாங்கிட்டாரு"ன்னா. அதுக்கப்புறம்தான் வகுப்பு அடங்குச்சு.

குமுளி ரோடு:

கட்டஞ்சாயா, திரியைத் தொடங்கிட்டு ஆளைக் காணோம். இப்ப எங்க இருக்கீங்க? என்ன வேலை?

கட்டஞ்சாயா:

இதைக் கேட்டுருவீங்கன்னுதான் வராம இருந்தேன்.

அதே ஏரியாதான், வேற தோட்டம். ஸ்டோர் சூப்பர்வைசர். வாசல்ல பையைப் பாக்குறதும் என் வேலையில ஒண்ணு.

இப்ப லயத்துல நம்ம ஆளுங்க பாதிக்கும் கீழ. ஜார்க்கண்ட், அசாம்லருந்து குடும்பம் குடும்பமா வந்திருக்காங்க. பெத்தவங்களுக்கு இந்தி மட்டும், பிள்ளைங்க ஒரே வருஷத்துல மலையாளமும் தமிழும் கலந்து அடிக்குதுங்க. ஒரு அம்மா, கூட எட்டு ஒம்பது வயசுல ஒரு பொண்ணு. நான் கேக்குறதையெல்லாம் அதுதான் அம்மாவுக்குச் சொல்லும். போன மாசம் அந்த அம்மா பையில, துண்டு மடிப்புல நாலு காய் இருந்துச்சு. என்னன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு அம்மாகிட்ட கேக்கவே இல்ல, அதுவா "அறியில்ல அண்ணா, விழுந்திருக்கும்"னுச்சு. காய் துண்டு மடிப்புக்குள்ள போய் விழாது.

எடுத்துக் கூடையில போட்டேன். பின்னால இன்னும் முப்பது பேர் வரிசையில நிக்கிறாங்க, முதலாளியோட மச்சான் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருக்கார். பதிவேட்டுல எழுதல, அது ஒண்ணுதான் என்னால ஆனது. நாலு காய் என்ன விலை வரும்னு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பரிப்புவடை விலைக்குக்கூட வராது.

குறைசொல்லி:

நானா இருந்தாலும் எடுத்துத்தான் இருப்பேன். விடுங்க.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:

அந்த ஷூ படம் என்கிட்ட பென் டிரைவ்ல இருக்கு, இங்கிலீஷ் எழுத்தோட. லயத்துல ஒரு சுவர் இருந்தா போதும், புரொஜெக்டர் கொண்டாரேன். ஓணம் லீவுல வரவா?

கட்டஞ்சாயா:

வாங்க சார். வாயனசாலை சுவரே இருக்கு, கேட்டுப் பாக்குறேன். வடைக்கு நான் பொறுப்பு. தமிழ்ல சொல்றதுக்கும் நான் இருக்கேன், இந்திக்குத்தான் ஆள் இல்ல.

ஜீப் சின்னத்தாயி:

ஏன், அந்தப் பொண்ணு இருக்கே.