பதினான்கு கரடி, பதினான்கு முகம்: ஒரே பாணியில் நிற்பதா, மாற்றிக்கொண்டே இருப்பதா?

துணிக்கரடி:
எல்லோருக்கும் வணக்கம். டெடி கரடி தைக்கத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை 14 முடித்திருக்கிறேன். போன வாரம் எல்லாவற்றையும் ஜன்னல் ஓரத்தில் வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தேன். பார்த்த தோழி, "இதெல்லாம் எங்கெங்கே வாங்கினாய்?" என்று கேட்டாள். பாராட்டாகத்தான் கேட்டாள், ஆனால் எனக்குச் சுருக்கென்றது. பதினான்கும் ஒரே கை தைத்தவை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவள் கேட்டதில் தப்பும் இல்லை. ஒன்று நீண்ட மூஞ்சியோடு அந்தக் காலத்துக் கரடி மாதிரி இருக்கிறது, பக்கத்தில் இருப்பதற்கு உருண்டை முகம். சில மொஹேரில் (அங்கோரா ஆட்டு ரோமத் துணி), சில செயற்கை ஃபரில், இரண்டு பழைய கம்பளிக் கோட்டை வெட்டித் தைத்தவை. ஒன்றுக்கு மூட்டே கிடையாது. ஒரு பேட்டர்னை, அதாவது துணி வெட்டும் அச்சு வரைபடத்தை, நான் இரண்டாம் முறை தொட்டதே இல்லை.

இனி ஒரே பேட்டர்னில் நின்று எனக்கென்று ஒரு பாணியைத் தேட வேண்டுமா? இல்லை, கை போன போக்கில் இன்னும் கொஞ்ச நாள் போகலாமா?

நூற்கண்டு:
நில்லுங்கள். இருப்பதில் உங்களுக்கு மிகவும் பிடித்த பேட்டர்னை எடுத்து, அதிலேயே பத்துக் கரடி தையுங்கள். நானும் சில வருடம் இப்படித்தான் அலைந்தேன், அதனால் சொல்கிறேன்.

கரடியின் தலை மூன்றே துண்டு. இரண்டு பக்கமும் கன்னம், நடுவில் மூக்கு நுனியிலிருந்து பிடரி வரை ஓடும் ஒரு பட்டை. அந்தப் பட்டை நெற்றியில் எவ்வளவு அகலம், எங்கே குறுகுகிறது என்பதில்தான் பாதி முகம் இருக்கிறது. முதல் தலையில் இது புரியாது. நான்காவது தலை வரும்போதுதான், "இங்கே 4 மி.மீ. கூட்டினால் முகம் அகன்று கண் இரண்டும் விலகி உட்காருகிறதே" என்று கைக்குப் பிடிபடும். நீங்கள் ஒவ்வொரு முறையும் பேட்டர்னையே மாற்றிவிடுகிறீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் தைத்தது 14 கரடி இல்லை. முதல் கரடியையே 14 தடவை தைத்திருக்கிறீர்கள்.

பஞ்சுப்பொதி:
அம்மாடி. அடி பலமாக விழுந்ததே.

வெட்டிஒட்டி:
நூற்கண்டு அக்கா சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு தவற்றைப் பத்து முறை செய்தால் அது பாணி ஆகிவிடுமா? இன்னொருவர் வரைந்த பேட்டர்னில் பத்து தைத்தால் வரைந்தவருடைய பாணிதான் கையில் படியும். அப்புறம் அதைக் கழற்ற ஒரு வருடம் போகும்.

என் கதையைச் சொல்கிறேன். ரொம்ப நாள் பாலியஸ்டர் பஞ்சுதான் அடைத்துக்கொண்டிருந்தேன். மூக்குக்கு நூல் போட்டு இழுத்தால் துணி உள்ளே குழிந்துவிடும். கை சரியில்லை என்றே நினைத்திருந்தேன். ஒரு முறை, சும்மா பார்ப்போமே என்று மரச்சுருளை அடைத்தேன். பழைய கரடிகளுக்குள் இருக்குமே, மரத்தை மெல்லிய இழையாகச் சீவியது, அதுதான். அடைக்கும்போதே கறுக் கறுக் என்று சத்தம். குச்சியால் குத்திக் குத்தி மூக்கு நுனியைக் கல் மாதிரி இறுக்க முடிந்தது. நூல் போட்டேன், துணி அசையவில்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது, குறை என் கையில் இல்லை, பஞ்சில் இருந்தது என்று. ஒரே வழியில் உட்கார்ந்திருந்தால் இதை எந்த ஜென்மத்தில் கண்டுபிடித்திருப்பேன்?

நூற்கண்டு:
தம்பி, ஒரே பஞ்சில் இருங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? பேட்டர்னை நிறுத்திவைத்து, மற்றதை ஒவ்வொன்றாக மாற்றச் சொல்கிறேன். மரச்சுருள் அடைத்தீர்களே, அந்தக் கரடிக்குத் துணியும் பேட்டர்னும் பழையதுதானா?

வெட்டிஒட்டி:
இல்லை. அதுவும் புதிது.

நூற்கண்டு:
அப்போது மூக்கு நின்றது மரச்சுருளாலா, துணி கெட்டியாக இருந்ததாலா?

வெட்டிஒட்டி:
தொட்டுப் பார்த்தால் தெரியாதா அக்கா!

பஞ்சுப்பொதி:
நான் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நடக்கட்டும்.

பழையபெட்டி:
பழைய கரடிகளைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. இங்கே பாணி, பரிசோதனை என்று இரண்டு கட்சி பிரிந்திருக்கிறது. வரலாற்றில் அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை.

பழைய டெடி கரடி என்றதும் கண்ணில் வருவது எது? முதுகில் கூன், முழங்கால் வரை தொங்கும் கை, நீண்ட மூஞ்சி. ஜெர்மனியின் ஸ்டைஃப் நிறுவனத்தில் ரிச்சர்ட் ஸ்டைஃப் வரைந்த உருவம் அது. ஸ்டுட்கார்ட் விலங்குக் காட்சிசாலையில் நிஜக் கரடிகளைப் பார்த்து வரைந்தவர். 1902ல் செய்த அந்த முதல் மாதிரிக்குப் பெயர் 55 பிபி. 55 என்பது சென்டிமீட்டர், முதல் 'பி' ரோமம் போல இழை நிற்கும் ப்ளஷ் துணி, இரண்டாவது 'பி' கை கால் அசையும் என்பதற்கு. 1903ல் லைப்சிக் பொம்மைச் சந்தைக்குப் போனது. இன்று அதில் ஒன்றுகூடப் பிழைத்திருப்பதாகத் தெரியவில்லை.

அதன் கை கால்களை நூலால்தான் கட்டியிருந்தார்கள். நூல் தளர்ந்துபோகும். அதனால் உலோகக் கம்பியை உடலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் அட்டை வட்டு மூட்டு. இன்றைக்கு நாம் இரண்டு வட்டு, நடுவில் இரு காலையும் வளைத்துப் பூட்டும் ஒரு காட்டர் பின் என்று போடுகிறோமே, கிட்டத்தட்ட அதே சங்கதி. இத்தனை மாற்றமும் மூன்றே வருடத்துக்குள். வெளியே உருவம் ஏறக்குறைய அப்படியே, உள்ளே ஓயாத பரிசோதனை. அந்த வகையில் என் ஓட்டு நூற்கண்டு அம்மாவுக்கு.

வெட்டிஒட்டி:
அந்தக் கூனும் நீண்ட கையும் முதலில் எங்கிருந்து வந்தன சார்? காட்சிசாலைக்குப் போய், இருந்த பொம்மைகளை மறந்துவிட்டு வரைந்ததால்தானே? கையில் இருந்த பேட்டர்னையே பத்து முறை தைத்திருந்தால் கூன் வந்திருக்குமா? உங்கள் கதையில் என் ஓட்டு எனக்கே.

துணிக்கரடி:
எனக்கு இருவர் சொல்வதும் சரி என்று படுகிறது. அதனால் இன்னும் குழப்பம்.

நூற்கண்டு:
இன்னொன்றையும் சேர்த்துக் குழப்புகிறேன். மாற்றிக்கொண்டே இருப்பதில் ஓர் ஆபத்து உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. 1985ல் ராபர்ட் ஹைண்ட் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளரும் அவரோடு சேர்ந்து இன்னொருவரும் டெடி கரடிகளின் முகத்தை அளந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். காலம் போகப் போக மூஞ்சி குட்டையாகி நெற்றி பெரிதாகி, கரடி குழந்தை முகத்துக்கு நகர்ந்திருக்கிறது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஜனங்களுக்குக் குழந்தை முகம் பிடித்தது, அந்த வகைக் கரடிகள் நிலைத்தன.

நீங்கள் ஒவ்வொரு கரடியையும் புதிதாகத் தொடங்கும்போது உள்ளுக்குள் ஒரு கேள்வி இருக்கும்: எது நன்றாக இருக்கும்? அதற்கு நாலு பேர் சொல்லும் பதிலை நோக்கித்தான் கை போகும். கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கு, இன்னும் கொஞ்சம் விலக்கு, மூக்கைச் சின்னதாக்கு. கடைசியில் எல்லோரும் ஒரே குட்டிக்கரடியில் போய் முட்டுவோம். சுதந்திரமாகச் சுற்றுகிறோம் என்ற நினைப்பு மட்டும் மிஞ்சும். என் கரடிகளுக்கு மூக்கு நீளம், கண் நெருக்கம். பார்த்தால் சிடுமூஞ்சிக் கிழவர் மாதிரி இருக்கும். முதல் மூன்றைப் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். அங்கேயே மாற்றியிருந்தால் அந்தக் கிழவர் எனக்குக் கிடைத்திருக்கமாட்டார்.

பஞ்சுப்பொதி:
அக்காவின் கிழவரை நான் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே நம்மைத் திட்டுவது போலத்தான் பார்ப்பார். அருமை.

வெட்டிஒட்டி:
சரி, இந்த இடத்தில் வாயடைத்துப் போனேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. சிடுமூஞ்சி முகம் என்னுடையது என்று உங்களுக்குத் தெரிந்த நாளில் நின்றீர்கள். துணிக்கரடிக்கு அது இன்னும் தெரியவில்லை. எதில் நிற்பது? பிடித்த பேட்டர்னில் என்றால், பதினாலில் எது பிடிக்கும் என்று அவர் சொல்லவே இல்லையே. தெரியாத இடத்தில் நிற்பதைவிட நடப்பது மேல்.

அதோடு துணி விஷயம் வேறு இருக்கிறது. அதே பேட்டர்னை 10 மி.மீ. ரோமத்தில் தைத்தால் ஒரு கரடி, 25 மி.மீ. ரோமத்தில் தைத்தால் வேறு கரடி. நீள ரோமத்தில் மூஞ்சியைச் சுற்றி கத்தரியால் கத்தரிக்கும்போதுதான் முகமே வெளியே வருகிறது. கத்தரிப்பது கிட்டத்தட்ட சிற்பவேலை. அதையெல்லாம் தொட்டுப் பார்க்காமல் பத்துக் கரடிக்கு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளச் சொல்வது, பெண்ணைப் பார்க்காமல் கல்யாணத்துக்கு நாள் குறிப்பது மாதிரி.

பழையபெட்டி:
கத்தரிப்பு பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. கத்தரித்த ரோமம் திரும்ப முளைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் மொட்டை அடித்த மாதிரி இரண்டு தலைகள் இருக்கின்றன.

துணிக்கரடிக்கு ஒரு யோசனை. கோட்பாடு பேசுவதை விட்டு, பதினான்கு கரடிகளையும் ஒரே உயரத்தில் வைத்து, ஒரே வெளிச்சத்தில், முகத்தை மட்டும் நேருக்கு நேர் படம் எடுங்கள். எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்குங்கள். நிறமும் துணியும் போனபின் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

துணிக்கரடி (இரண்டு நாள் கழித்து):
செய்தேன். ராத்திரி தூக்கம் போய்விட்டது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை ஒப்பிட்டேன், காதை ஒப்பிட்டேன், எல்லாம் வேறு வேறு. அப்புறம் மூக்கைப் பார்த்தேன். பதினாலில் பதினொன்றில் மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஓரிரண்டு இழை அளவுதான், ஆனால் எல்லாம் ஒரே பக்கம். வாயும் அதோடு சேர்ந்து ஏறியிருக்கிறது. அதனால் எல்லாமே எதையோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டது போல ஓரமாகச் சிரிக்கின்றன. நான் இடக்கைக்காரி. மூக்கை எப்போதும் ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி நிரப்பிக்கொண்டு வருவேன். கடைசி இழைகளை இறுக்கி இழுக்கும்போது மொத்தமும் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறது போல. சாயாத மூன்று எவை தெரியுமா? ஒரு புத்தகத்தைப் பார்த்து நடுவிலிருந்து தொடங்கித் தைத்தவை. அந்த மூன்றும் எனக்கு எப்போதுமே கொஞ்சம் அந்நியமாகப் பட்டவை.

வெட்டிஒட்டி:
பார்த்தீர்களா! பதினான்கு பேட்டர்னை மாற்றியும் போகாமல் நின்றது எதுவோ அதுதான் பாணி. மாற்றாமல் இருந்திருந்தால் அது பேட்டர்னின் குணமா உங்கள் கையின் குணமா என்று தெரிந்தே இருக்காது.

நூற்கண்டு:
அது பாணி இல்லை தம்பி, பிழை. மூக்கு இழையை நடுவில் தொடங்கி ஒரு இழை இந்தப் பக்கம், ஒரு இழை அந்தப் பக்கம் என்று போடுவது எதற்காக? சாயாமல் இருக்கத்தான். முதலில் நேராகப் போடக் கற்றுக்கொள்ள வேண்டும். நேராகவும் போடத் தெரிந்து, வேண்டுமென்றே சாய்த்தால் அப்போது பாணி என்று சொல்லுங்கள், நானே கை தட்டுகிறேன்.

பழையபெட்டி:
இங்கே மட்டும் நான் கட்சி மாறுகிறேன், மன்னிக்கவும். அந்தக் காலத்து ஸ்டைஃப் கரடிகளில் சிலவற்றுக்கு நெற்றி நடுவே மேலிருந்து மூக்கு வரை ஒரு தையல் ஓடும். காரணம் சிக்கனம். மொஹேர் துணியில் ஆறு தலைக்கு முழுப் பட்டை வெட்டியபின் மிஞ்சிய துணியில் ஏழாவதற்கு முழுசாகக் கிடைக்காது. இரண்டு துண்டாக வெட்டி நடுவில் தைத்தார்கள். அன்றைக்கு அது ஒட்டுப்போட்ட கரடி. இன்றைக்குச் சேகரிப்பவர்கள் அந்த நடுத்தையல் கரடியைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். முகத்துக்கு அது தனிக் களை தருகிறது என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

நூற்கண்டு:
அதைத் தைத்தவருக்கு நேராகத் தைக்கத் தெரியும். ஆறு தலை ஒழுங்காகத் தைத்த கைதான் ஏழாவதையும் தைத்தது. என் வாதத்துக்குத்தான் நீங்கள் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

பழையபெட்டி:
அது சரிதான். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பஞ்சுப்பொதி:
மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் கண்ணாடிக் கண், மணி இதெல்லாம் வேண்டாம், கண்ணையும் நூலிலேயே தையுங்கள். விவாதத்துக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். அந்த ஜன்னல் ஓரப் படத்தில் கீழ்வரிசைக் கரடிக்குக் கண் தொங்குகிற மாதிரி தெரிந்தது.

துணிக்கரடி:
ஆமாம், அது தொங்குகிறதுதான். இறுக்கிவிடுகிறேன், நன்றி.

நேற்றிரவு பதினைந்தாவதற்குத் துணி வெட்டினேன். ஏழாவது கரடியின் பேட்டர்ன். நூற்கண்டு அக்கா, முதல்முறையாகப் பழைய பேட்டர்னையே எடுத்திருக்கிறேன். ஆனால் தலை மட்டும் இரண்டு வெட்டியிருக்கிறேன். ஒன்றில் மூக்கை நடுவிலிருந்து தைப்பேன், இன்னொன்றில் என் வழக்கப்படி ஓரத்திலிருந்து. இரண்டையும் குண்டூசிக் கண் வைத்து உடலில் பொருத்திப் பார்த்துவிட்டு எதை மூட்டில் பூட்டுவது என்று முடிவு செய்வேன்.

வெட்டிஒட்டி:
இரண்டையும் பூட்டிவிடுங்கள். இரண்டு தலைக் கரடி. யாரும் எங்கே வாங்கினாய் என்று கேட்கமாட்டார்கள்.

நூற்கண்டு:
இரண்டு தலையையும் படம் எடுத்துப் போடுங்கள். எது எது என்று சொல்லாமல் போடுங்கள். நான் சொல்கிறேன் எது நன்றாக இருக்கிறது என்று.